குதிரைக்கு ஒரு வாளித் தண்ணீர்

குப்பையில் சிலை செய்கிற தொழிலில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: கச்சாப் பொருளைத் திறந்த வெளியில் போட்டுவிட்டு ஊருக்குப் போகலாம், திரும்பி வரும்போது கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது.

மற்றபடி எல்லாம் தொல்லைதான். வீட்டில் ஒருவருக்கும் புரியாத ஒரு காரியத்தை விடாப்பிடியாகச் செய்துகொண்டிருக்கும் என் இனத்தாரே, மொட்டைமாடியில் புறா வளர்ப்பவர்களே, பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு மாட்ட முடியாமல் தவிப்பவர்களே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டியவன். அந்த மிஷின் ஒருநாள் என் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. முதலாளி நல்ல மனிதர். என்னை வீட்டுக்கு அனுப்பாமல் கழிவுக் காகித குடோனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அங்கே மலை மலையாகக் கிடந்த தாள்களுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. எதையாவது சுருட்டி, மடக்கி, ஒட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். மிச்சமிருக்கிற விரல்கள் வேலை செய்யும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் குப்பைதான். அந்த நன்றியை என்னால் விட முடியவில்லை. முதலில் ஒரு கோழி, அப்புறம் ஒரு வெள்ளாடு, அப்புறம் இரண்டு கொக்கு என்று வீட்டுக் கொல்லை நிறைந்துகொண்டே போனது.

என் மனைவி கனகம் கல்யாணத்துக்கு முன்னால் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறாள். கொல்லையில் ஒரு கொட்டகை போட்டால் அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்து ஒட்டலாம், பெரிய ஆர்டராகப் பிடிக்கலாம் என்று அவளுடைய அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். நியாயமான யோசனைதான். குறுக்கே நின்றது என் குப்பை மட்டும்.

நாலு வழிச் சாலை போட ஆரம்பித்த சமயம் அது. நான் ஒரு குதிரை செய்ய இறங்கியிருந்தேன். சூலக்கரையில் கோடைப் பொருட்காட்சி வருகிறது, அதில் வைக்க இடம் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதும் கனகம் ஒரு கெடு வைத்தாள். “கொண்டுபோயி வைங்க. ஒரே ஒரு ஆளு, ‘இது என்னத்துக்கு’ன்னு கேக்காம பாத்துட்டுப் போகட்டும். நான் வாயத் தொறக்கலை. இல்லைன்னா வந்த மறுநாளே கொல்லையை ஒதுக்கிக் குடுத்துரணும்.”

காஜா பாயின் தராசு

எங்கள் குடோன் கழிவை எடைக்கு எடுப்பவர் விருதுநகர் காஜா பாய். அவர் லாரி வருகிற நாள் எனக்குப் பதற்றமான நாள். கட்டுகளைத் தராசில் ஏற்றுவதற்குள் வேண்டியதை உருவிக்கொள்ள வேண்டும். நான் உருவ உருவ எடை குறையும், அவர் முகம் சுருங்கும். ஆனாலும் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒருமுறை அவரே ஒரு சாக்கைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். தினசரி காலண்டர்களின் தலையில் அடிப்பார்களே, அந்தத் தகரப் பட்டையின் வெட்டுத் துண்டுகள். அதில் இரண்டை எடுத்து வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, குதிரைத் தலைக்கென்று நான் செதுக்கி வைத்திருந்த பனைமட்டைக் கட்டையில் கண் இருக்க வேண்டிய இடத்தில் பொருத்தினேன். வெயில் அதில் பட்டது. அதுவரை கட்டையாகக் கிடந்தது சட்டென்று எங்கள் இருவரையும் பார்த்தது. நான் செய்ததுதான், ஆனால் நானே ஓரடி பின்வாங்கினேன். பாய் இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார், வலப்பக்கம் நகர்ந்து பார்த்தார். எங்கே போனாலும் அது அவரை விடவில்லை. தராசை மடக்கி லாரியில் போட்டுவிட்டுச் சொன்னார்:

“நான் எடை பாத்து வாங்குறேன், சுந்தரண்ணே. நீங்க முகம் பாத்து வாங்குறீக.”

சாத்தூர் ரோட்டுப் பள்ளம்

சாலையை அகலப்படுத்த சாத்தூர் பக்கம் புளியமரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மரத்தை ஏலம் எடுத்தவர்கள் அடிமரம் வரைக்கும் அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வேர் யாருக்கும் வேண்டாம். ஜேசிபி அதைக் கெல்லி ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகும். பஸ் ஜன்னலிலிருந்து அப்படி ஒரு வேரைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

தலைகீழாகக் கிடந்தது. மண்ணுக்குள்ளே ஏதோ பாறை தட்டியிருக்க வேண்டும். இரண்டு வேர்கள் மேலே எழும்பி, முட்டி மடங்கி, மறுபடி கீழே இறங்கியிருந்தன. அவை சேர்கிற இடத்தில் நெஞ்சு. நெஞ்சில் நரம்புகூடப் புடைத்திருந்தது. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பாய்கிற குதிரை, அப்படியே. அந்த மரத்தின் நிழலில் எத்தனை பேர் பஸ்ஸுக்கு நின்றிருப்பார்கள்! அவர்கள் காலுக்கு அடியில் இது சத்தமில்லாமல் பாய்ந்துகொண்டிருந்திருக்கிறது. செதுக்க ஒன்றுமே இல்லை, மண்ணைக் கழுவினால் போதும்.

ஜேசிபி ஓட்டிய தம்பி, இந்த ஆள் வேரின் முன்னால் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நிற்கிறானே என்று வண்டியை அணைத்துவிட்டு வந்தார். நான் கையால் காட்டினேன்: இது முட்டி, இது குளம்பு, இது நெஞ்சு. அவர் குனிந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார். திரும்பிப் போய் வண்டியைக் கிளப்பி, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அந்த இரும்புக் கையால் வேரை எடுத்து, நான் பிடித்துவந்த டிராக்டரில் வைத்தார். கிளம்பும்போது சொன்னார்:

“தெனமும் வேரைத்தான் தோண்டுதேன், அண்ணாச்சி. உள்ளுக்குள்ள இப்படி ஒண்ணு ஓடிக்கிட்டிருந்தது எனக்குத் தெரியலையே.”

நாலு கண் லட்சுமி

அச்சகத்தில் வேலை பார்க்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், சாமிப் படத்தில் கலர் விலகிவிட்டால் அந்தத் தாளை என்ன செய்வது என்பது பெரிய தலைவலி. கிழிக்க மனசு வராது. பொட்டலம் மடிக்கக் கொடுக்க முடியாது. காலில் படக்கூடாது. எங்கள் முதலாளி அப்படிப்பட்ட தாள்களைப் பாழுங்கிணற்றில் சேர்த்துவிடுவார். அந்த வருஷம் ஒரு லோடு லட்சுமி படம் மொத்தமாகக் கலர் விலகிப்போனது. லட்சுமிக்குக் கண் நாலு, கை எட்டு. தாமரைகூட நடுங்குகிற மாதிரி இருந்தது.

குதிரைக்குத் தோல் வேண்டும், இதைக் கொடுங்கள் என்று கேட்டேன். முதலாளி யோசித்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு தாளும் ஒட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்து வாங்கி வந்தேன். பனைமட்டைகளை விலா எலும்பாகக் கட்டி, பின்னங்காலுக்கு வேலிக்கருவையின் முறுக்கிய கம்புகளை நிறுத்தி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்ட மைதாப் பசையில் தாள்மேல் தாளாக ஒட்டினேன். பசை காய்ந்து தாள்கள் இறுகியதும் உடம்பு முழுக்கக் கண்கள். கழுத்தில், வயிற்றில், தொடையில். தோலாலேயே பார்க்கிற ஒரு பிராணி. அன்றைக்குக் கொல்லையில் துணி காயப்போட வந்த கனகம் அதற்கு முதுகைக் காட்டாமலே பின்னால் நடந்து வீட்டுக்குள் போனாள்.

முதலாளி பார்க்க வந்தார். அவர் கை தன்னால் கன்னத்துக்குப் போனது. கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் சுற்றிலும் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னார்:

“பிரிண்டிங் ஒழுங்கா வந்திருந்தா இம்புட்டு அழகா இருந்திருக்காது, சுந்தரம். மிஷின்மேன்ட்ட மட்டும் சொல்லிராத.”

தெருவே வைத்த வாளி

பிடரிக்கு என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது ராஜாத்தி வந்து சேர்ந்தாள். கனகத்தோடு ஒன்றாக வேலை பார்த்தவள், இன்னும் அதே பக்கம் ஆலையில் இருப்பவள். கோணலாகச் சுருட்டியதால் கழித்துப்போட்ட காகிதக் குழாய்களைக் கேட்டு வாங்கி, இரண்டு மூட்டையாகக் கட்டி வேனில் ஏற்றிக் கொண்டுவந்தாள். குழாய் சுருட்டுகிற இடத்திலேயே கழிந்தவை அவை. வெடிமருந்து எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூட அவற்றுக்குத் தெரியாது. வெறும் காகிதம்.

எங்கள் தெருவில் பாதி வீடு பட்டாசு வேலை, பாதி வீடு தீப்பெட்டி வேலை. வாசலில் வெடிக்குழாய் மூட்டை இறங்குவதைப் பார்த்ததும் அடுப்புகள் அணைந்தன. ராஜாத்தி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள், நான் ஒவ்வொரு குழாயாக ஊதிக் காட்டினேன். ஒன்றும் செல்லவில்லை. கனகம் வாதாடவே இல்லை. இரண்டு மூட்டையையும் அவிழ்த்து அப்படியே தொட்டித் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள். ஆலையில் கழிவு என்றால் முதல் காரியம் தண்ணீர். அவள் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தொட்டியை வடித்து, ஊறிய குழாய்களை வெயிலில் உதறிப் போட்டேன். நம்ப மாட்டீர்கள். நேராக இருந்தவை எல்லாம் காயக் காய முறுக்கிக்கொண்டன. ஒன்று சுருண்டது, ஒன்று வளைந்தது, ஒன்று காற்றில் பறக்கிற மாதிரி நீண்டது. பத்து விரல் இருந்திருந்தாலும் என்னால் அப்படி ஒரு பிடரியைச் செய்திருக்க முடியாது. அதைக் கழுத்தில் வரிசையாக வைத்தபோது, நின்றிருந்த குதிரைக்கு வேகம் வந்தது.

தெருவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. எதிர்வீட்டு முருகேசன் மாமா குதிரையின் முன்னால் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தினமும் காலையில் யாராவது ஒருவர் அதை நிரப்பிவிட்டுப் போனார்கள். இது வெறும் காகிதம், வாளி தேவையில்லை என்று நான் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மாமா அசையவில்லை.

“குதிரைன்னா தண்ணி குடிக்கத்தானே செய்யும் மாப்ள. இருந்துட்டுப் போகட்டும் வாளி.”

எந்தக் கம்பெனி விளம்பரம்?

காஜா பாய் தன் லாரியிலேயே குதிரையைச் சூலக்கரைக்கு ஏற்றிவிட்டார். பொருட்காட்சியில் இறக்கிய ஆட்கள் அதை, அடியில் நான் பொருத்தியிருந்த மரப்பலகையோடு, தரையில் தரதரவென்று இழுத்தார்கள். ஒரு காது ஒடிந்தது. ஸ்டாலுக்குள் நுழையாத உயரம் என்பதால், கலை நிகழ்ச்சி மேடைக்கு எதிரே வெட்டவெளியில் நிறுத்தினார்கள். மழை வந்தால் என்று இழுத்தேன். இந்த ஊரில், இந்த மாசத்தில், மழையா என்று பொறுப்பாளர் சிரித்தார். அதுவும் நியாயம்தான்.

கனகம் தினமும் கூட வந்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் கேட்டார்கள். ‘இது என்னத்துக்கு?’ ‘இதை வச்சு என்ன செய்வீக?’ ‘பிள்ளைக ஏறலாமா?’ ‘ஏறக்கூடாதுன்னா என்னத்துக்கு?’ ஒவ்வொரு தடவையும் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். பேச மாட்டாள். பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கேட்காமல் போனவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் குதிரையைப் பார்க்காமலே பஞ்சுமிட்டாய்க்குப் போனவர்கள், கணக்கில் வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தார். கண்களைப் பார்த்தார், பிடரியைப் பார்த்தார், வேரைத் தடவினார். கனகமே ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“நல்லாருக்கு தம்பி. இது எந்தப் பட்டாசுக் கம்பெனி விளம்பரம்?”

சனிக்கிழமை மழை

மறுநாள் சனிக்கிழமை, கடைசி நாள். பட்டாசு ஆலைகளில் சம்பள நாள். சாயங்காலம் வேலை முடிந்து நேராக வேன் பிடித்து வந்தவர்களால் மைதானம் நிரம்பியது. ராஜாத்தியும் வந்திருந்தாள். கை கால் கழுவித்தான் வந்திருந்தார்கள், இருந்தாலும் மத்தாப்புக்குச் சேர்க்கிற வெள்ளிப் பொடியில் வேலை பார்த்தவர்களின் முழங்கையிலும் நகக்கண்ணிலும் அது மினுங்கிக்கொண்டிருந்தது.

நான் மனசுக்குள் கொல்லையை ஒதுக்க ஆரம்பித்திருந்தேன். கோழியை யாருக்குக் கொடுப்பது, கொக்கை எங்கே வைப்பது என்று. அப்போதுதான் காற்று மாறியது. ஒரு சொட்டு, பெரிய சொட்டு, என் கையில் விழுந்தது. வடக்கே வானம் கறுத்துக்கிடந்தது. மைதாப் பசையும் காகிதமும். கால் மணி நேரம் நனைந்தால் குதிரை கூழாகிவிடும். எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்படியே நின்றேன்.

“மளை! எடுங்க!”

கத்தியது கனகம். செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து முதல் ஆளாகக் குதிரையின் நெஞ்சுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். பட்டாசு ஆலையில் சரக்கை வெயிலில் காயவைத்திருக்கும்போது மேகம் கூடினால் போடுகிற சத்தம் அது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூடக் கையை உதறிவிட்டு எழுந்திருப்பார். மைதானம் முழுக்க அந்தச் சத்தத்துக்குப் பழகிய ஆட்கள். ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், ராட்டினத்துக்கு வரிசையில் நின்றவர்கள், மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லோரும் வந்தார்கள். வருகிற வழியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். காயவைத்த சரக்கின் பக்கத்தில் செருப்போடு யாரும் போகமாட்டார்கள், கால்கள் தன்னால் கழற்றிவிட்டன.

அதன்பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? இறக்கியவர்கள் இழுத்தார்கள் என்றேனே, இவர்கள் இழுக்கவில்லை. ஆலையில் எதையும் இழுக்கக்கூடாது, உரசக்கூடாது, தொப்பென்று வைக்கக்கூடாது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல், தள்ளிக்கொள்ளாமல், எத்தனையோ கைகள் அடியில் நுழைந்தன. குதிரை எழும்பியது. அந்தக் கனத்த வேர் சத்தமே இல்லாமல் ஆட்களின் தலைக்கு மேலே மிதந்து போனது. உடம்பெல்லாம் கண், பிடரி காற்றில், முன்னங்கால் இரண்டும் தூக்கியபடி. என் குதிரை ஓடியது, ஐயா. நான் செய்த குதிரை ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். மேடையில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவர் மைக்கைப் பிடித்தபடி ஒதுங்கினார். மேடையின் தகரக் கூரைக்கு அடியில், முட்டை வைக்கிற மாதிரி, அதை வைத்தார்கள். ஒடிந்திருந்த காதைக்கூட ஒருவர் பத்திரமாக எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அந்த நிமிஷம் மழை கொட்டியது.

நான் அழுதேன், மறைக்கவில்லை. ராஜாத்தியின் பக்கத்தில் ஒரு ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரிடம், இது என்னது என்றுகூடக் கேட்காமல் தூக்கினீர்களே என்றேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. ராஜாத்திதான் பதில் சொன்னாள்:

“மளை வந்தா காயுறதை உள்ள வைக்கணும், அம்புட்டுத்தான். என்ன ஏதுன்னு உள்ள வச்சபெறகு கேட்டுக்கிடலாம்ல.”

வெள்ளிக் கைகள்

மழை விட்டபிறகுதான் கவனித்தேன். வியர்த்த கைகள் பட்ட இடமெல்லாம் குதிரையின் வயிற்றிலும் விலாவிலும் வெள்ளி நிறத்தில் கைத்தடங்கள் பதிந்திருந்தன. பெரிய கை, சின்னக் கை, விரல் விரலாக. லட்சுமியின் நாலு கண்களுக்கு நடுவே அவை மேடை விளக்கில் மின்னின. வேலை கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்து, துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

கனகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சுக்குக் கீழே, வேர் தொடங்குகிற இடத்தில் ஒரு கைத்தடம் இருந்தது. முதலில் வந்த கை. அதில் வெள்ளி இல்லை, தீப்பெட்டி ஒட்டுகிற பசையின் காய்ந்த வெள்ளைதான் லேசாகத் தெரிந்தது. அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. கெடு முடிந்தது, கொல்லை விஷயத்தை இப்போது எடுப்பாள் என்று நான் காத்திருந்தேன். எடுத்தாள்.

“எங்க அண்ணன்ட்ட கொட்டகையைக் கொஞ்சம் ஒசத்திப் போடச் சொல்லுங்க. நாங்க கீள உக்காந்து ஒட்டிக்கிடுதோம், இதுவும் நனையாம நிக்கட்டும்.”

மறுநாள் காலையில் சேற்றிலிருந்து நான் பொறுக்கி எடுத்த ஒற்றைச் செருப்புகள் காஜா பாயின் இரண்டு சாக்கு வந்தன. ஒரு மைதானமே செருப்பைக் கழற்றியும் ஒருவர்கூட என்மேல் எறியவில்லை என்றால், எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.